முயலின் கண்ணும் நம் கண்மையும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியர்)

ஆண்டு விழா என்றதும் எங்களுக்கு மேடை நினைவுக்கு வருவதில்லை. மேடைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறைதான் நினைவுக்கு வரும். நடனமாடும் தங்கைகளுக்குக் கண்மை தீட்டுவதும், கன்னத்தில் ரோஸ் பவுடர் தடவுவதும், உதட்டுச் சாயம் பூசுவதும் மேல்நிலை மாணவியராகிய எங்கள் பொறுப்பு. சென்ற ஆண்டும் அப்படித்தான். தன் முறைக்காகக் காத்திருந்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, கண்மை வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இதுல எதுக்கு முயல் படம் போட்டிருக்கு? முயலும் மை வச்சுக்குமா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் பதில் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கிய பின்னும் கேள்வி அடங்கவில்லை. உயிரியல் ஆசிரியையிடம் கேட்டோம். நூல்களைத் தேடிப் படித்தோம். நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். அன்று அந்தத் தங்கைக்குத் தர இயலாத பதில் இதுவே.

முயலுக்கும் மைக்கும் என்ன தொடர்பு?

முயல் மை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் நாம் வைத்துக்கொள்ளும் மையும் சாயமும் ஷாம்புவும் பல்லாண்டுகளாக முயலின் கண்ணில் ஊற்றிச் சோதிக்கப்பட்டன.

அந்தச் சோதனை தோன்றியதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற கண்ணிமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அழகாக இருக்கலாம் என்று நம்பிப் பூசிய பெண்களில் பலருக்குக் கண்கள் புண்ணாகிப் பார்வை போயிற்று. ஒருவர் உயிரையே இழந்தார். அழகுசாதனப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லை. 1938-இல் சட்டம் வந்தது. விற்கும் பொருள் தீங்கு செய்யாது என்று உறுதிசெய்யும் கடமையும் அதனுடன் வந்தது. ஆனால் எதைக் கொண்டு உறுதிசெய்வது?

1944-இல் அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்ற அறிவியலரும் அவருடைய துணைவர்களும் ஒரு முறையை வெளியிட்டனர். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் சோதிக்க வேண்டிய பொருளைச் சிறிதளவு இடுவார்கள். மற்றொரு கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு மணி, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று சிவப்பையும் வீக்கத்தையும் விழி வெண்மையாவதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சில சமயம் 21 நாள் வரையும் பார்ப்பதுண்டு. கண்ணைத் தேய்த்துக்கொள்ளாதபடி, தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டிகளில் முயல்களை அடைத்து வைப்பதும் உண்டு. பல சோதனைகளில் வலி தெரியாமலிருக்க மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை.

முயலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அது சாதுவானது, கடிக்காது, கத்தாது, விலையும் குறைவு. அதன் கண்ணில் நம்மைப் போல் அதிகம் நீர் சுரப்பதில்லை. ஆகவே இட்ட பொருள் எளிதில் கழுவப்படாமல் தங்கிவிடும். அழத் தெரியாத கண் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது!

பட்டாசு ஆலையில் மருந்துத் தூசி கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்பது எங்களில் பலருடைய வீட்டிலும் தெரியும். உடனே ஒருவர் ஓடி வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். கழுவிவிட யாரும் வராத கண்ணை நினைத்துப் பாருங்கள்.

கண் மட்டுமன்று. முயலின் முதுகு மயிரை மழித்து, தோலில் பொருளைத் தடவிப் பார்க்கும் சோதனை இருந்தது. கினிப்பன்றியைக் கொண்டு ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனை இருந்தது. எந்த அளவு கொடுத்தால் கூட்டத்தில் பாதி விலங்குகள் இறக்கும் என்று கணக்கிடும் 'எல்.டி. 50' என்ற சோதனை 1927-லேயே தோன்றியது.

இத்தனை துன்பத்துக்கும் தக்க பயனாவது கிடைத்ததா? முயலின் கண் மனிதக் கண்ணைப் போன்றதன்று. அதற்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. கருவிழியின் மேற்படலமும் நம்முடையதைவிட மெல்லியது. 1971-இல் வெயில், ஸ்காலா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே பொருள்களைப் பல ஆய்வுக்கூடங்களில் சோதிக்கச் செய்தனர். ஓரிடத்தில் கடுமையானது என்று முடிவான பொருள் மற்றோரிடத்தில் தீங்கற்றது என்று வந்தது! அளவுகோலே வளைந்திருந்தால் அளவு எப்படிச் சரியாகும்?

மாற்று வழி உண்டா?

"விலங்கில் சோதிக்காவிட்டால் மனிதர்மீதா சோதிப்பது?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாங்களும் அதையே கேட்டோம்.

1959-இல் இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிவியலர் மூன்று வழிகளை எழுதினர். விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்வது முதல் வழி. அது இயலாதபோது விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இரண்டாவது. அதுவும் இயலாதபோது துன்பத்தைத் தணிப்பது மூன்றாவது. இவை ஏட்டில் நெடுநாள் கிடந்தன. 1980-இல் நியூயார்க் நகரத்தில் ஹென்றி ஸ்பைரா என்ற ஆசிரியர் முயல் சோதனையைப் பற்றிச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அழகுசாதன நிறுவனங்கள் மாற்று வழி தேடப் பணம் ஒதுக்கத் தொடங்கின. மறு ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஓர் ஆய்வு மையம் ஏற்பட்டது. பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடங்கிய வேலை இது என்பதை எங்கள் ஆசிரியர்கள் கவனிப்பார்களாக!

இன்று பயன்படும் ஒரு முறையை மட்டும் விளக்குகிறோம். அறுவை சிகிச்சையில் மிஞ்சும் மனிதத் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்து, சிறு கிண்ணங்களில் வளர்க்கிறார்கள். அவை அடுக்கடுக்காக வளர்ந்து நம் மேல்தோலைப் போலவே ஆகின்றன. அதன் மேல் சோதிக்க வேண்டிய பொருளை இட்டு, சிறிது நேரம் கழித்துக் கழுவி, 'எம்.டி.டி.' என்ற மஞ்சள் நிறச் சாயத்தில் வைக்கிறார்கள். உயிருள்ள அணுக்கள் அந்த மஞ்சளை ஊதா நிறமாக மாற்றும். இறந்த அணுக்களால் மாற்ற இயலாது. ஊதா மிகுந்தால் பொருள் தீங்கற்றது. ஊதா பாதிக்குக் குறைந்தால் தோலை உறுத்தக்கூடியது. எவ்வளவு எளிமை, பாருங்கள்! இம்முறையைத் தோல் உறுத்தலைக் கண்டறிய ஏற்கலாம் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2010-இல் அறிவித்தது. கண்ணுக்கும் இதுபோல் வளர்க்கப்பட்ட கருவிழிப் படலம் 2015-இல் ஏற்கப்பட்டது. நம் முகத்துக்குப் பூசுவதை மனிதத் தோலிலேயே, வலி அறியும் உயிர் எதுவும் இல்லாமலே சோதிக்க முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. நெடுங்காலமாகப் பயன்பட்டு, தீங்கற்றவை என்று தெரிந்துவிட்ட மூலப்பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே நல்ல சோப்பும் பவுடரும் செய்யலாம்.

நம் நாடு என்ன செய்தது?

இங்கே ஓர் அம்மையாரை நினைவுகூர வேண்டும். நமக்கு அடுத்த ஊராகிய மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களைப் பரதநாட்டியத்தாலும், 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவாலும் எல்லோரும் அறிவர். ஆனால் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அங்கே வாய் பேசாத உயிர்களுக்காகப் பேசினார் என்பதைப் பலர் அறியார். அப்போது நடப்பில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டம். விலங்குவதைத் தடுப்புக்குப் புதிய சட்டம் வேண்டும் என்று அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2018 வரை சென்னையிலிருந்தே இயங்கியது.

அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவை ஆசிரியை எங்களுக்குப் படித்துக் காட்டினார். இயன்றவரை விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். நூலோ மாதிரியோ படமோ போதுமான இடத்தில் விலங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று அது கூறுகிறது. ஆனால் அதே பிரிவில், பெரிய விலங்குகளைத் தவிர்த்து முயல், கினிப்பன்றி, தவளை, எலி போன்ற சிறியவற்றைக் கொள்ளலாம் என்றும் இருக்கிறது. இரக்கத்தினால் எழுந்த சட்டத்திலேகூட முயலுக்கு இடம் கிடைக்கவில்லை!

அந்த இடம் கிடைக்க 54 ஆண்டுகள் ஆயின. 2013-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் அழகுசாதனப் பொருள்களுக்கான தன் சோதனைமுறைகளிலிருந்து விலங்குச் சோதனைகளை நீக்கியது. 2014 மே மாதத்தில், அழகுசாதனப் பொருள்களைச் சோதிக்க எவரும் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்தது. விலங்கில் சோதித்த பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் அவ்வாண்டு நவம்பரில் தடைபட்டது. தெற்காசியாவில் இத்தடையை விதித்த முதல் நாடு நம் நாடே. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளிலும் இத்தடை தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பொருள்களின் விற்பனையை 2013 மார்ச்சில் முழுவதும் தடுத்தது. கனடா 2023-இல் தடை விதித்தது.

எங்கள் ஆசிரியை கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தவளையை அறுத்துப் பார்த்தவர். கல்லூரிகளில் விலங்கியல் பாடத்துக்காக விலங்குகளை அறுப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கூறியது. "நான் அன்று அறுத்த தவளையைவிடப் படத்தில் பார்த்த தவளையிடம்தான் அதிகம் கற்றேன்" என்று ஆசிரியை சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

மருந்துகளின் நிலை வேறு. நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்தைச் சோதிக்க இன்றும் விலங்குகள் பயன்படுகின்றன. அங்கும் மாற்று முறைகளை ஏற்க 2023-இல் விதி திருத்தப்பட்டுள்ளது. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. மனித உயிரைப் பேண உதவும் ஆய்வை நியாயமான எல்லைக்குள் அது ஏற்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. உதட்டுச் சாயத்துக்குப் புதிய நிறம் காண்பது எவருடைய உயிரைக் காக்கிறது?

வகுப்பில் எழுந்த ஒரு குரல்

இவற்றையெல்லாம் வகுப்பில் படித்துக் காட்டியபோது எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாயார் சிவகாசிக்கு அருகே பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். "முயலுக்காக இவ்வளவு வருத்தப்படுறோம். தினமும் கையெல்லாம் அலுமினியப் பவுடரோட வர்ற எங்க அம்மாவுக்காக யார் வருத்தப்படுறா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவள் கேட்டது சரிதான். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் ஊர்ப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நம் பாட்டிமாரில் பலர் பள்ளிக்குப் போகும் வயதில் தீப்பெட்டி ஆலைக்குப் போனவர்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாங்கள் இன்று பேனா பிடித்து எழுதுவதற்கு அந்தச் சட்டங்களும் ஒரு காரணம்.

தோழி தன் கேள்வியை வீட்டுக்கும் கொண்டுபோனாள். மறுநாள் தாயார் சொன்ன பதிலுடன் வந்தாள். "நான் சம்பளத்துக்குப் போறேன். பிடிக்கலேன்னா நின்னுக்கிடலாம். அந்த முயல்கிட்ட யாரு கேட்டா?"

'நின்னுக்கிடலாம்' என்பது வானம் பார்த்த இந்தப் பூமியில் அவ்வளவு எளிதன்று என்பது எங்களுக்குத் தெரியும்; அந்தத் தாயாருக்கும் தெரியும். ஆயினும் அவர் தொட்டுக் காட்டிய இடம் சரியானது. பிறர் கண்டு களிக்கும் ஒளிக்குப் பின்னால் யார் கை கருகுகிறது என்று கேட்கத் தெரிந்த ஊர் நம்முடையது. அதே கேள்வியை அழகுப் பெட்டியைப் பார்த்தும் கேட்கிறோம், அவ்வளவே. முயலுக்கு இரங்கினால் மனிதருக்கு இரக்கம் குறைந்துவிடாது. இறைத்த கிணறு ஊறும் என்பார்களே!

இந்தக் கேள்வி நம் பட்டாசையும் விடாது. தீபாவளி இரவில் தெரு நாய்கள் கட்டிலுக்கடியிலும் சாக்கடைக்குள்ளும் ஒடுங்குவதைப் பார்க்கிறோம். பட்டாசே வேண்டாம் என்று சொல்ல எங்களால் இயலாது. எங்களில் பலருடைய பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைகள் அஞ்சிவிடக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்களைப் போல் முழுவதும் விட இயலாவிட்டாலும், கன்றுக்குட்டி கட்டியிருக்கும் இடத்திலும் கூடு உள்ள மரத்தடியிலும் வெடிக்காமல் இருக்கலாம் அல்லவா? நாயின் வாலில் சரம் கட்டும் தம்பியின் கையைப் பிடித்துத் தடுக்கலாம் அல்லவா?

பெட்டியை எப்படிப் பார்ப்பது?

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழியின் தந்தையிடம் முயல் படத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்தார். "ரோஜாப்பூ அச்சடிக்கிற மையிலதாம்மா முயலும் அச்சடிக்கிறோம். படத்தைப் பார்த்து மட்டும் நம்பிடாதீங்க" என்றார். அவர் கூறியது நல்ல பாடம். வெளிநாட்டு அமைப்புகள் சில, நிறுவனத்தின் சோதனைமுறைகளை விசாரித்து, அதன் பிறகே தம் முயல் முத்திரையை இட அனுமதிக்கின்றன. ஆனால் அழகுக்காக எவரும் ஒரு முயலை வரைந்துவிடலாம். ஆகவே படத்தோடு நின்றுவிடாமல், முத்திரையைத் தந்த அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் சில எளிய வழக்கங்கள்:

தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், காலாவதி நாள் இவை இல்லாத மலிவுப் பொருளைத் திருவிழாக் கடையில் வாங்க வேண்டாம். சட்டத்துக்கு அப்பால் செய்யப்பட்டது எதில் சோதிக்கப்பட்டதோ, சோதிக்கவே படவில்லையோ, யார் அறிவார்?

தலைச்சாயப் பெட்டியில் உள்ள எச்சரிக்கையைப் பெற்றோர் தவறாமல் படிக்க வேண்டும். 1933-இல் கண்களைக் குருடாக்கிய சாயத்தில் இருந்த அதே வேதிப்பொருள் இன்றும் பல தலைச்சாயங்களில் உண்டு. முதலில் சிறிது தோலில் தடவிப் பார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் பூசக் கூடாது.

'இயற்கைப் பொருள்' என்று எழுதியிருந்தாலே தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். எருக்கம்பாலும் இயற்கையே!

எல்லாவற்றுக்கும் மேலாக, தேவைக்கு மேல் வாங்காதிருப்பதே நல்லது. மருதாணியும் மஞ்சளும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாள். உலக விலங்குகள் நாளும் அதுவே. பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்பாகக் கருதிய அந்தப் புனிதரின் நாளில், பள்ளி வளாகத்து வேப்பமரங்களின் கீழ் மண்சட்டியில் தண்ணீர் வைக்கத் தொடங்கினோம். கோடையிலும் அதைத் தொடர்ந்தோம். அணில்களும் தவிட்டுக்குருவிகளும் வந்து குடிக்கின்றன. சட்டியை நிரப்பும் முறை இப்போது ஆறாம் வகுப்புத் தங்கைகளுடையது.

தங்கையே, முயல் மை வைத்துக்கொள்ளாது. உன் மைக்காகத் தன் கண்ணை இனி அது தர வேண்டியதில்லை என்று சொல்வதற்காகவே அந்தப் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது உண்மைதானா என்று ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது உன் கடமை. எங்கள் கடமையும் அதுவே. அன்று நாங்கள் சிரித்ததற்கு எங்களை மன்னித்துவிடு. அடுத்த ஆண்டு விழாவிலும் இப்படியே கேள்வி கேள்.